முயல் அறிந்தது, எலி அறியாதது

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையில், செங்கிப்பட்டியில் ஒரு காசநோய் மருத்துவமனை இருக்கிறது. வறண்ட மேட்டு நிலம், தாராளமான காற்று. சானடோரியங்களுக்கு இப்படிப்பட்ட இடங்களைத்தான் தேடிப் பிடித்தார்கள். காசநோய் வந்தவர் வீட்டையும் வயலையும் விட்டு மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும்தான் பாதி மருந்து என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். இன்று பாபநாசத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ ஒருவருக்குச் சளியில் கிருமி தெரிந்தால் அவர் தன் வீட்டில் இருந்தபடியே தினமும் மாத்திரை விழுங்குகிறார்.

இந்த மாற்றத்துக்கு உலகம் முழுவதற்கும் வழி திறந்தது சென்னை. 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். ஒரு பிரிவு நோயாளிகளுக்குச் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவுக்கு நெரிசலான அவர்களுடைய சொந்த வீட்டிலும் ஒரே மருந்து கொடுக்கப்பட்டது. 1959ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், ஓய்வும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய மற்றவர்கள் அளவுக்கே குணமடைந்தார்கள்.

இந்த ஆய்வைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதே மையத்திலிருந்து 1961ல் வந்த இன்னொரு ஆய்வைப் பற்றி அதிகம் பேச்சில்லை. நம் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காசநோய்க்கு எதிராக ஐசோநியாசிட் பயன்பாட்டுக்கு வந்தது 1952ல். விலை மலிவு, வீரியம் அதிகம். ஆனால் ஒரே அளவு கொடுத்தாலும் எல்லோருடைய உடலிலும் அது ஒரே நேரம் தங்குவதில்லை. கங்காதரம், பாட்டியா, ராதாகிருஷ்ணா, செல்கான் ஆகிய நால்வரும் தென்னிந்திய நோயாளிகளுக்கு மருந்தைக் குறிப்பிட்ட அளவில் ஊசியாகப் போட்டு, சில மணி நேரம் கழித்து இரத்தத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தார்கள். நோயாளிகள் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டத்தின் உடல் மருந்தை வேகமாகச் செயலிழக்கச் செய்தது. மற்றக் கூட்டத்தில் அது நிதானமாகக் கரைந்தது. இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய, வேகமானவர்களில் ஒன்று ஒன்றரை மணி நேரம் போதும். மெதுவானவர்களில் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். தென்னிந்தியர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் மெதுவானவர்கள். ஜப்பானியர்களில் பத்தில் ஒருவர்தான் அப்படி.

கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் இதற்குக் காரணம். அதன் பெயர் நாட்-2. ஐசோநியாசிட் மூலக்கூறின் மீது அசிட்டைல் என்ற சிறு துண்டை ஒட்டிவிடுவது அதன் வேலை. ஒட்டியதும் மருந்துக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி போய்விடும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, கூடவே வேறு மருந்துகளும் இருந்தால், இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஐசோநியாசிட்டை மட்டும் தனியாகக் கொடுத்தபோது வேகமானவர்கள் பின்தங்கினார்கள். பின்னாளில் வாரம் ஒரு முறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் இன்னும் கடுமையாகத் தெரிந்தது. கூலி வேலைக்குப் போகிறவர் வாரம் ஒரு நாள் வந்தால் போதும் என்பது எவ்வளவு பெரிய சௌகரியம். நாட்-2 அதற்குக் குறுக்கே நின்றது.

சரி, இந்த நொதியை விரிவாக ஆராய வேண்டும். மனிதர்களின் ஈரலை வெட்டிப் பார்க்க முடியாது. எந்த விலங்கைக் கேட்பது?

நாயைக் கேட்டால் பதிலே வராது. நாய், ஓநாய், நரி வகையறாக்களுக்கு நாட் மரபணுவே கிடையாது. மருந்து ஆய்வில் நாய்க்கு நீண்ட காலமாக மரியாதையான இடம் உண்டு. புதிய மருந்து மனிதனுக்குப் போகும் முன் எலி வகை ஒன்றிலும், எலியல்லாத ஒரு பாலூட்டியிலும் சோதிக்கப்படுவது வழக்கம், அந்த இரண்டாவது இடத்தில் பெரும்பாலும் நிற்பது நாய்தான். ஆனால் அசிட்டைல் ஒட்டும் வேலையில் அது சாட்சி சொல்லத் தகுதியற்றது. முயல் வேறு ரகம். 1960களிலேயே முயல்களில் வேகமானவை, மெதுவானவை என்று இரண்டு கூட்டம் இருப்பது தெரியவந்தது, சென்னை நோயாளிகளைப் போலவே. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உர்ஸ் மையர் குழு முதலில் முயலின் மரபணுவைப் பிடித்தது. அந்த டிஎன்ஏ துண்டை வைத்துத் தேடித்தான் மனித மரபணுவை அடைந்தது. அங்கே ஒரு சுவையான விஷயம் வெளிப்பட்டது. மெதுவான முயலில் அந்த மரபணு முழுதாகவே இல்லை. மெதுவான மனிதரில் மரபணு இருக்கிறது. ஓரிரு எழுத்துகள் மாறியிருப்பதால் உருவாகும் நொதி சரியாக நிற்பதில்லை. வெளியே தெரியும் விளைவு ஒன்று, உள்ளே காரணம் வேறு. விலங்கை வைத்து மனிதனைப் படிக்கிற எவரும் மேசையில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது என்று நினைக்கிறேன். முயல் நம்மை மரபணுவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. உள்ளே இருப்பதை மனிதரிடம்தான் பார்க்க வேண்டியிருந்தது.

*

நாட்-2 பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. வேகமானவர் கடைசிவரை வேகமானவர். ஆனால் ஈரலின் பெரும்பாலான மருந்து நொதிகள் அப்படியல்ல. அவை தேவைக்கேற்பக் கூடும், குறையும். மரபணு என்பது நொதியைச் செய்வதற்கான குறிப்பு. அந்தக் குறிப்பு எவ்வளவு வாசிக்கப்படுகிறது, அதிலிருந்து எவ்வளவு நொதி உற்பத்தியாகிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. பிறகு ஒவ்வொரு ஆறும் வாய்க்காலாக, கிளை வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. வாய்க்கால் எப்போதும் அதே வாய்க்கால்தான். அதில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பது ஷட்டரைப் பொறுத்தது. ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர் நீர்வளத் துறையின் லஸ்கர். அவருக்குத் தகவல் வந்தால்தான் ஷட்டர் ஏறும். ஈரல் செல்லில் மரபணு வாய்க்கால் என்றால், லஸ்கரின் இடத்தில் இருப்பவை ஏற்பிகள் என்ற புரதங்கள். மருந்தோ நச்சோ உள்ளே வந்ததும் அதைப் பிடித்து, இன்னது வந்திருக்கிறது என்று அறிந்து, உரிய மரபணுவின் ஷட்டரை உயர்த்துகின்றன.

இப்போது ரிஃபாம்பிசினுக்கு வருவோம். மிலான் நகரின் லெப்பெட்டி நிறுவனத்தில் 1960களில் உருவான மருந்து அது. காசநோய்ச் சிகிச்சை ஒன்றரை ஆண்டிலிருந்து ஆறு மாதமாகச் சுருங்கியதற்கு முக்கியக் காரணம். நம் தேசியத் திட்டம் இன்று முதல் இரண்டு மாதங்களுக்குத் தரும் மாத்திரை ஒவ்வொன்றிலும் 75 மில்லிகிராம் ஐசோநியாசிட், 150 மில்லிகிராம் ரிஃபாம்பிசின், 400 மில்லிகிராம் பைரசினமைடு, 275 மில்லிகிராம் எத்தாம்புட்டால் சேர்ந்திருக்கின்றன. உடல் எடைக்கேற்ப மாத்திரைகளின் எண்ணிக்கை மாறும். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது இதில் உள்ள ரிஃபாம்பிசின்தான். மருந்தை விழுங்கினாரா என்று கேட்க வரும் பணியாளருக்கு அந்த நிறமே ஒரு சாட்சி.

1971ல் ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ரிஃபாம்பிசின் எடுத்துக்கொண்ட பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாகப் பலிக்கவில்லை. பிறகு பட்டியல் நீண்டது. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், ஸ்டீராய்டு மாத்திரைகள், சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் எல்லாமே ரிஃபாம்பிசின் உடன் சேர்ந்தால் வேகமாகக் கரைந்துபோயின. எச்ஐவி உள்ள ஒருவர் காசநோய்க்கும் மருந்து எடுக்கும்போது எச்ஐவிக்கான டோலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாகத் தருவதும் இதனால்தான். ரிஃபாம்பிசின் ஈரலில் ஏதோ ஷட்டர்களை முழுதாக ஏற்றிவிடுகிறது. அதில் முதன்மையானது சிப் 3ஏ4 என்ற நொதியின் ஷட்டர். சைட்டோகுரோம் பி-450 என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்த இந்த நொதி, நாம் விழுங்கும் மருந்துகளில் மிகப் பெரிய பங்கைச் சிதைக்கிறது.

இதை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலியின் ஈரல் அசையவில்லை. சுண்டெலியும் வழக்கமான அளவுகளில் பெரிதாகப் பதில் சொல்லவில்லை. முயல் மனிதனைப் போலவே பதில் சொன்னது. இதற்கு நேர் எதிராக, பிசிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு செயற்கை ஸ்டீராய்டு எலியின் ஷட்டரை வேகமாக ஏற்றியது. மனித ஈரல் செல்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பல ஆண்டுகள் இந்தப் புதிர் அவிழாமல் கிடந்தது. நொதிகளைத் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு விடை கிடைக்கவில்லை, ஏனென்றால் வித்தியாசம் வாய்க்காலில் இல்லை.

1998ல் லஸ்கர் பிடிபட்டார். அமெரிக்காவில் கிளாக்ஸோ வெல்கம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஸ்டீவன் கிளீவர் குழுவும், சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவான்ஸ் குழுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அந்த ஏற்பியைக் கண்டார்கள். பிஎக்ஸ்ஆர் என்று இப்போது அழைக்கிறோம். டிஎன்ஏவைப் பற்றும் பகுதி எலியிலும் மனிதனிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மருந்தைப் பிடிக்கும் பகுதிதான் நான்கில் மூன்று பங்கு மட்டுமே ஒத்துப்போகிறது. மனித ஏற்பியின் 308ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம். எலியில் அதற்கு இணையான இடத்தில் உருவில் பெரிய ஃபினைல்அலனின். 2004ல் எலியின் ஏற்பியில் அந்த ஒன்றை மட்டும் லூசினாக மாற்றிப் பார்த்தார்கள். எலியின் லஸ்கருக்கு ரிஃபாம்பிசின் கொண்டுவந்த சீட்டு வாசிக்கத் தெரிந்துவிட்டது.

எவான்ஸ் குழு அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், இன்னும் துணிச்சலான காரியம் செய்திருந்தது. சுண்டெலியின் சொந்த பிஎக்ஸ்ஆர் மரபணுவை நீக்கி, அதன் ஈரலில் மனித ஏற்பியை வைத்தார்கள். வாய்க்காலும் ஷட்டரும் சுண்டெலியுடையவை. லஸ்கர் மட்டும் மனிதர். அந்தச் சுண்டெலிக்கு ரிஃபாம்பிசின் கொடுத்தபோது அதன் ஈரலில் நொதி பெருகியது. பிசிஎன் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை மருந்து அறிவியலின் மிக அழகான சோதனைகளில் இது ஒன்று. இந்த விலங்கு மனிதனைப் போன்றதா என்ற மொத்தையான கேள்வியை அது ஒதுக்கிவிட்டது. விலங்கின் எந்தப் பகுதி, எந்த வேலையில், மனிதனிலிருந்து விலகுகிறது என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் காட்டியது.

இதன் பலன் காசநோயாளிக்கே திரும்பி வந்தது. ஐசோநியாசிட்டும் ரிஃபாம்பிசினும் சேரும்போது சிலருக்கு ஈரல் பாதிக்கப்படுகிறது. கண் மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல், மாத்திரையை நிறுத்த வேண்டிவருகிறது. நிறுத்தினால் நோய் திரும்பும் பயம். இந்தப் பாதிப்பைச் சாதாரணச் சுண்டெலியில் பல ஆண்டுகளாகத் தேடியும் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ரிஃபாம்பிசினையே அறியாத விலங்கில் அது எப்படித் தெரியும்? 2013ல் ஷியாவ்சாவ் மாவின் குழு மனித பிஎக்ஸ்ஆர் கொண்ட சுண்டெலிகளுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தது. ஈரலில் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருள் தேங்கி, ஈரல் கெட்டது. இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் உருவாகும் பாதையில் கடைசிப் படிக்கு முந்தைய பொருள் அது. ரிஃபாம்பிசின் பிஎக்ஸ்ஆர் வழியாக அந்தப் பாதையின் தொடக்கத்தைத் தள்ளிவிடுகிறது. ஐசோநியாசிட் அதன் கடைசிப் படியில் உள்ள நொதியைக் குறைத்துவிடுகிறது. நடுவில் பொருள் குவிகிறது. மனித ஏற்பி இல்லாத சுண்டெலிகளில் இது நடக்கவில்லை.

*

விலங்குக்கு விலங்கு மருந்தின் வேகம் மாறும் என்பது பழைய செய்தி. 1958ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் குவின், ஆக்செல்ராட், பிராடி மூவரும் ஹெக்சோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைப் பல விலங்குகளுக்குக் கொடுத்து எவ்வளவு நேரம் தூங்குகின்றன என்று பார்த்தார்கள். சுண்டெலி 12 நிமிடம். முயல் 49. எலி 90. நாய், மற்றவற்றுக்குக் கொடுத்ததில் பாதி அளவு மருந்துக்கே, 315 நிமிடம். ஈரல் நொதியின் வேகத்தை அளந்தபோது இதே வரிசை தலைகீழாக வந்தது. தூக்கத்தின் கணக்கைப் பெரும்பாலும் முடிவு செய்தது ஈரல்தான்.

எலிகளுக்குள்ளேயே பெண் எலி ஆண் எலியைவிட அதிக நேரம் தூங்கும். வளர்ச்சி ஹார்மோன் ஆண் எலியில் விட்டுவிட்டு அலையாகச் சுரக்கிறது, பெண் எலியில் ஏறக்குறைய ஒரே சீராக. அந்தத் தாளத்தைக் கேட்டு ஈரல் வேறு வேறு நொதிகளைச் செய்கிறது. மனித ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. ஆண் எலிகளை மட்டும் வைத்து ஆய்வு முடித்து, அதைப் பொதுவான உண்மையாக எழுதுகிற பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இது காட்டுகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1967ல் எலியட் வெசெல் கவனித்தார்: எலிக்கூண்டில் படுக்கையாகப் போடும் தேவதாரு, பைன் மரத்தூளே எலியின் ஈரல் நொதிகளைப் பெருக்கிவிடுகிறது. மரத்தின் வாசனைப் பொருட்கள் செய்யும் வேலை. நொதியைப் பெருக்கும் மருந்து எதுவும் கொடுக்காமலே, ஹெக்சோபார்பிட்டால் தந்த தூக்கம் குறைந்துபோனது. நம் ஊர் ஆய்வகங்கள் பலவற்றில் கூண்டுக்குள் நெல் உமி போடுகிறார்கள். டெல்டா அரிசி ஆலைகளில் மலையாகக் குவியும் அதே உமி. வயலில் தெளித்த பூச்சிமருந்தின் எச்சம் உமியில் இருந்தால் எலியின் ஈரல் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். உமி எங்கிருந்து வந்தது, சோதித்துப் பார்க்கப்பட்டதா என்று ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி எழுதுவது அவ்வளவு கடினமல்ல.

*

விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு, மிளகு ரசம் சாப்பிடுகிற நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பெரின், ஈரலிலும் குடல் சுவரிலும் மருந்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. ஜம்முவில் அட்டல் குழு 1980களில் எலியின் ஈரலில் இதைக் காட்டியது. 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மஞ்சளின் குர்குமினைப் பைப்பெரினுடன் சேர்த்து எலிக்கும் கொடுத்தார்கள், மனிதருக்கும் கொடுத்தார்கள். குர்குமின் இரத்தத்தில் சேரும் அளவு எலியில் 154 சதவீதம் கூடியது. மனிதரில் 2,000 சதவீதம்.

இந்த இரண்டாவது எண் உலகெங்கும் சத்து மாத்திரை டப்பாக்களில் அச்சாகியிருக்கிறது. முதல் எண்ணை யாரும் அச்சிடுவதில்லை. மனிதருக்குக் குர்குமினை மட்டும் கொடுத்தபோது இரத்தத்தில் அது கிட்டத்தட்டத் தென்படவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாத ஒன்றைப் பல மடங்கு ஆக்கினாலும் கையில் கிடைப்பது கொஞ்சம்தான். எலிக்குக் கொடுத்த பைப்பெரின் அதன் உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். மனிதருக்கு மொத்தமே 20 மில்லிகிராம். கிலோ கணக்கில் எலி ஏறத்தாழ அறுபது மடங்கு மிளகுச் சத்து வாங்கியும் விளைவு குறைவு. இரண்டு ஈரல்களும் குடல்களும் குர்குமினை ஒரே வழியில் கையாளவில்லை.

இதே பைப்பெரின் காசநோய் மருந்திலும் நுழைந்தது. 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசின், 300 மில்லிகிராம் ஐசோநியாசிட், 10 மில்லிகிராம் பைப்பெரின் சேர்ந்த ரிசோரின் 2009ல் இந்தியச் சந்தைக்கு வந்தது. குறைந்த ரிஃபாம்பிசினில் அதே பலன் என்பது அதன் எண்ணம். நம் தேசியத் திட்டத்தின் மாத்திரைகளில் மிளகுச் சத்து சேரவில்லை. எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நொதியைத் தடுப்பதை நம்பி மருந்தைப் பாதியாகக் குறைப்பதென்றால், அந்த நொதி ஒவ்வொருவரிடமும் எவ்வளவு வெளிப்படுகிறது என்பது தெரிந்தாக வேண்டும். காசநோயில் குறைந்த அளவு மருந்து என்பது எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமியை வளர்க்கும் வழி.

*

டெல்டாவில் ஈரல் நொதிகள் சந்திக்கும் வேதிப்பொருள் மருந்து மட்டுமல்ல. குறுவையிலும் சம்பாவிலும் முதுகில் விசைத்தெளிப்பானைச் சுமந்து, முகமூடி இல்லாமல், காற்றடிக்கும் திசையில் நடந்துகொண்டே தெளிக்கிறவர்களின் உடலுக்குள் பூச்சிமருந்தும் போகிறது. குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளை அதிக நஞ்சாக மாற்றுவதே ஈரலின் பி-450 நொதிகள்தான். அதைச் செயலிழக்கச் செய்வதும் வேறு சில நொதிகள்தான். எலிக்கும் சுண்டெலிக்கும் இரத்தத்திலேயே கார்பாக்சில்எஸ்டரேஸ் என்ற நொதி நிறைய ஓடுகிறது. அது நஞ்சை மூளைக்குப் போகும் முன் பிடித்துக்கொள்ளும். மனித இரத்த நீரில் அந்த நொதி இல்லை. எலி தாங்கியதே என்று மனிதன் தாங்குவான் என முடிவு கட்டினால் அந்தக் கணக்கின் விலையைக் கொடுப்பவர் தெளிக்கிறவர். இதனால்தான் அந்த நொதியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். மனிதனுக்கு நெருக்கமாக்க, விலங்கிடமிருந்து ஒன்றை எடுத்துவிட வேண்டியிருந்தது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் இன்னொரு பக்கத்தைத் திறந்தது. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த நீரைச் சுண்டெலிகளுக்கு 180 நாட்கள் கொடுத்தார்கள். அவற்றின் குடல் பாக்டீரியாக்கள் அந்த மருந்தைச் சிதைத்து அசிட்டிக் அமிலமாக்கின; ஈரல் அந்த அமிலத்திலிருந்து சர்க்கரை செய்தது; இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. மதுரை வட்டாரக் கிராம மக்களிடமும் பூச்சிமருந்துக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு தென்பட்டது. ஈரல் நொதிகளை மட்டும் மனிதமயமாக்கினால் போதாது, குடலில் வாழும் உயிர்களின் நொதிகளும் கணக்கில் வர வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலிருந்தே கிடைத்த சான்று அது.

இந்தக் கணக்கில் இன்னும் பெரும்பாலும் விட்டுப்போவது பசி. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் குன்னூரில் பிறந்தது. ராபர்ட் மெக்கரிசன் அங்கேதான் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்ற எலிகள்தான் மிக மெலிந்து நின்றன. அந்த நிறுவனத்தில் மாதவனும் கோபாலனும் 1968ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் உருவாகும் அஃப்ளடாக்சினை இரண்டு கூட்டம் எலிகளுக்குக் கொடுத்தார்கள். உணவில் 20 சதவீதம் புரதம் கிடைத்த எலிகளுக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. 5 சதவீதம் மட்டும் கிடைத்தவற்றுக்கு வரவில்லை. அஃப்ளடாக்சினைப் புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்துக்கு மாற்றுவது பி-450 நொதிகள். புரதம் குறைந்த ஈரலில் அந்த நொதிகளும் குறைவு. இது பட்டினிக்கு ஆதரவான செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புரதம் குறைவாகத் தின்ற எலிகளின் ஈரல் நஞ்சின் நேரடிச் சேதத்துக்கு மற்றவற்றைவிட எளிதில் இரையானது. அதே நிறுவனத்தின் கமலா கிருஷ்ணசாமி 1970களில் இதை மனிதரிடம் தேடினார். கடுமையான ஊட்டக்குறைவு உள்ளவர்களின் உடலில் பல மருந்துகள் நிதானமாகவே வெளியேறின. லேசான குறைவு உள்ளவர்களிடம் அப்படி இல்லை, சில மருந்துகள் விரைந்தும் வெளியேறின.

காசநோயும் பசியும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. மனித பிஎக்ஸ்ஆர் கொண்ட சுண்டெலிக்கு ஆய்வகத்தில் கிடைப்பது எல்லாச் சத்தும் அளந்து கலந்த தீவனம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற, 38 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் ஈரலில் ரிஃபாம்பிசின் எத்தனை ஷட்டரை ஏற்றுகிறது என்பதை அந்தச் சுண்டெலி சொல்லாது. அதே சுண்டெலிக்குப் புரதம் குறைந்த, அரிசி மிகுந்த தீவனத்தைக் கொடுத்தால் ஓரளவு சொல்லும். அதற்குத் தேவையான மனிதர்களும் இடங்களும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி, இரண்டுக்கும் நடுவே பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். ஒரு பக்கம் நோயாளிகளிடம் மாத்திரை விழுங்கிய இரண்டாவது மணி நேரத்திலும் ஆறாவது மணி நேரத்திலும் இரத்தம் எடுத்து ஐசோநியாசிட்டையும் ரிஃபாம்பிசினையும் அளக்க வேண்டும், முதல் வாரத்தில் ஒரு முறை, நொதிகள் பெருகி முடிந்த மூன்றாவது வாரத்தில் ஒரு முறை, எடையும் இரத்தத்தின் அல்புமின் என்ற புரதமும் கூடவே. மறுபக்கம் சுண்டெலிகளுக்கு அதே இடைவெளிகளில் அதே அளவீடு, கூடவே ஈரலில் சிப் 3ஏ வகை நொதிகளின் வெளிப்பாடு. சாதாரண ஏற்பி உள்ளவை, மனித ஏற்பி உள்ளவை, நன்றாகத் தின்பவை, குறைவாகத் தின்பவை என்று நான்கு கூட்டம். கூண்டில் போடும் உமியைச் சோதித்த பிறகு.